எதிர்வீட்டுச் சாவி

கோயிலுக்குப் போய்த் திரும்பிய குடும்பம் திண்டுக்கல் வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டுகிறது. ஜன்னலை இடிக்கிறது. பெயர் சொல்லிக் கத்துகிறது. உள்ளே பூட்டிக்கொண்டு தூங்குவது பதினோரு வயது வேங்கடராமன். கடைசியில் எதிர்வீட்டுச் சாவியை வாங்கிப் போட்டுப் பார்த்தார்கள், திறந்துகொண்டது. (2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டுக்காரர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடலாம்.) கதவு திறந்ததே தவிர, பையன் கண் திறக்கவில்லை. வீட்டுப் பிள்ளைகள் ஆசைதீர மொத்தினார்கள். பெரியவரும் தன் பங்கைக் கொடுத்தார். அடி வாங்கிய விஷயமே மறுநாள் காலையில் மற்றவர்கள் சொல்லித்தான் அவனுக்குத் தெரிந்தது.

அவன்தான் பிற்காலத்து ரமண மகரிஷி. 1879-இல் திருச்சுழியில் பிறந்து, படிப்புக்காக 1891 வாக்கில் திண்டுக்கல் வந்தவன். ஒருமுறை காதில் விழுந்த பாடம் அப்படியே நின்றுவிடும். அந்தத் தைரியத்தில் புத்தகம் பக்கமே போகமாட்டான். அறிவுள்ள பிள்ளை வேண்டுமென்று வேண்டிக்கொள்ளும் பெற்றோர் இந்த இடத்தைக் கவனிக்கவேண்டும். அறிவு வருகிறது, ஆனால் தனியாக வருவதில்லை.

போலந்து மனநல மருத்துவர் காசிமிர் டப்ரோவ்ஸ்கி இப்படிக் கூடவே வருவதை ஐந்தாகப் பிரித்தார். உடல் துடிப்பு, புலன், அறிவு, கற்பனை, உணர்ச்சி. திறமை மிகுந்தவர்களிடம் இவற்றில் ஒன்றோ பலவோ எக்கச்சக்கமாகக் கிளர்ந்துவிடும் என்றார். சட்டை லேபிள் உறுத்துகிறது என்று பள்ளி வேன் வரும் நேரத்தில் சட்டையைக் கழற்றி எறிகிற பிள்ளையின் அம்மாவுக்கு இதைச் சொன்னால், "ஐந்துதானா?" என்று கேட்பார். தூக்கம் அந்தக் கணக்கில் இல்லை. திண்டுக்கல் சேதி டப்ரோவ்ஸ்கி காதுக்கு எட்டியிருக்காது.

இப்படிப்பட்ட பிள்ளைகளிடம் பெரியவர்கள் செய்யும் பெரிய பிழை, யோசிக்காமல் திட்டுவது. மற்ற பிள்ளைகள் திட்டை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுவார்கள். இவர்கள் அதை உத்தரவாக வாங்கி வைத்துக்கொள்வார்கள். வேங்கடராமனின் அப்பா சுந்தரமய்யர் திருச்சுழியில் வக்கீல். அவருடைய வழக்குக் காகிதங்களை ஆறு வயது மகன் விளையாடித் தீர்த்துவிட்டான். அவனை மொட்டையடித்து, கோவணம் கட்டித் துரத்துங்கள் என்று கத்தினாராம். பிள்ளையைக் காணோம். ஊரெல்லாம் தேடிய பிறகு, கோயிலில் அம்பாள் சன்னிதிக்குப் பின்னால் ஒளிந்திருந்தவனைக் குருக்கள் கண்டுபிடித்தார். கதை அங்கே முடிந்ததென்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பத்து வருஷம் கழித்துத் திருவண்ணாமலையில் மொட்டையும் கோவணமுமாக உட்கார்ந்தது அதே பிள்ளை.

அதற்கும் காரணம் இன்னொரு திட்டுதான். அப்பா காலமான பிறகு மதுரையில் சித்தப்பா வீட்டில் வளர்ந்தான். 1896 ஆகஸ்டு 29. ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று தடவை எழுதச் சொல்லித் தண்டனை. பாதியில் அதைத் தள்ளிவிட்டுக் கண்மூடி உட்கார்ந்தான். இப்படி இருக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று அண்ணன் நாகசாமி குத்தினார். வாஸ்தவம்தானே என்று தம்பி கிளம்பிவிட்டான்!

கிளம்பிய விதம்தான் அழகு. அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று சித்தி கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, மிச்சம் இரண்டைக் கடிதத்தோடு வைத்தான். தேட வேண்டாம், தேடுவதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம், கட்டணம் இன்னும் கட்டவில்லை, இதோடு இரண்டு ரூபாய் இருக்கிறது என்று விவரம். வீட்டைவிட்டு ஓடுகிறவன் வரவுசெலவு எழுதி வைத்துவிட்டு ஓடுகிறான்! கணக்கில் இவ்வளவு சுத்தம், வழியில் சுழி. பழைய வரைபடத்தைப் பார்த்துத் திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்தான். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கே ரயில் ஓடுவது அந்தப் படத்தில் இல்லை.

அம்மா அழகம்மாள் 1898 டிசம்பரில் வந்து நாள்கணக்கில் அழுது கூப்பிட்டார். மகன் வாய் திறக்கவில்லை. நடப்பது நடந்தே தீரும் என்ற பொருளில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். திரும்பிப் போன அம்மா, 1916-இல் மகனோடேயே வந்து தங்கிவிட்டார். அவர்கள் இருந்த ஸ்கந்தாசிரமத்தில் சமையல் அவர் கையில். மடி ஆசாரம் பார்க்கிற அம்மாவுக்கு வெங்காயம் ஆகாது. மகரிஷி விடுவாரா? இந்த வெங்காயம் மோட்சத்துக்கு எத்தனை பெரிய இடைஞ்சல் பாருங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அம்மாவைச் சீண்டிக்கொண்டிருந்தார்.