கல்லை நக்கும் கனவான்

சர்க்கார் உத்தியோகத்தில் 30 வருஷம் கோப்புகளுக்குள் புதைந்து கிடந்த மனிதர், பென்ஷன் வாங்கத் தொடங்கிய மறுமாதமே, புதைந்து கிடப்பன யாவும் தமக்குப் பங்காளி என்று எண்ணத் தலைப்படுவது இயல்புதான் போலும். எங்கள் திருவனந்தபுரத்து ஆரியசாலையில் அப்படி ஒரு கனவான் இருக்கிறார். தெருவுக்கு ஒருவர் தேறுவாராகையால் பெயர் அவசியமில்லை.

விடியுமுன் துணிப்பையோடு, பத்மநாபசுவாமி ஆராட்டுக்கு எழுந்தருளும் சங்குமுகத்துக்குப் போய், ஊரார் கடலைப் பார்த்து நடக்கையில் தாம் மணலைப் பார்த்தே நடந்து, அலை ஒதுக்கிய கல் ஒன்றை எடுத்து, வேட்டித் தலைப்பால் ஈரம் போகத் துடைத்து, பின்பு கொஞ்சமும் கூச்சமின்றி அதை நாவினால் ஒரு தரம் நக்குவார். பரிகசிக்க வேண்டாம்; கல்லாய்ச் சமைந்த பழைய எலும்பு, நுண்துளைகள் உடைமையால் நாவில் ஒட்டிக்கொள்ளும் என்பது நிலவியலார் கையாளும் சோதனையே. சுட்ட செங்கல்லும் அப்படியே ஒட்டும் என்பதைத்தான் அவருக்கு எவரும் சொல்லவில்லை. அதன் பயனாக, எந்த வீட்டுச் சுவரோ இடிந்து, அலையில் உருண்டு மழுங்கிய ஒரு செங்கல், 'டைனோசர் முட்டை' என்ற சீட்டுடன் அவர் திண்ணையில் வீற்றிருக்கிறது.

சென்ற மாதம் உள்ளங்கையகல வெண்ணிற ஓடு ஒன்று அகப்பட்டது. ஆதிகால மீனின் கபாலம் என்று நிச்சயித்து, சாட்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு, சாலைக் கடைத்தெருவில் நாட்டுமருந்துக் கடை அண்ணாச்சியிடம் அதை நீட்டினார். அண்ணாச்சி நகத்தால் ஒரு கீறு கீறினார், மாவாக உதிர்ந்தது.

“சாரே, இது கடல்நுரையாக்கும். கணவாய் மீனுக்க ஓடு. உள்ளே ஒரு சாக்கு கிடக்கு, எத்தனை கிலோ வேணும்?”

கனவானின் முகம் வாடியதைக் கண்டு இரங்கியோ என்னவோ, அண்ணாச்சி இழுப்பறையிலிருந்து வேறொன்றை எடுத்து வைத்தார். ஓடும் காலுமாகக் கல்லாகவே இறுகிப்போன நண்டு. கல்லடைப்புக்குப் பற்பம் செய்யச் சித்த வைத்தியர்கள் வாங்கும் நண்டுக்கல். இத்தனை வருஷம் அவர் மணலில் தேடிய வஸ்து தராசுத் தட்டருகே கிடந்தது. அவரோ, “இது மருந்துச் சரக்கு, ஆராய்ச்சிக்கு ஆகாது” என்று ஒதுக்கிவிட்டார்.

திரும்பும் வழியில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அவர் பூஜைப் பெட்டியிலுள்ள சாளக்கிராமம் நேபாளத்துக் கண்டகி நதியினது. இமயம் எழுமுன் அங்கே கடல் கிடந்த காலத்தில், ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன், வாழ்ந்த அம்மோனைட் என்னும் சுருளோட்டுப் பிராணியின் வடிவமே அதிலுள்ள சக்கரம். அந்தப் பிராணி கணவாய் வம்சத்துக்கு மூத்த பங்காளி. பத்மநாபனின் மூலத் திருமேனியே 12,008 சாளக்கிராமங்களால் ஆனது என்பது ஐதீகமாதலால், இவ்வூரில் இருந்துகொண்டு தொல்லுயிர் தேடிக் கடற்கரைக்கு ஓடுவானேன் என்று கேட்டுவிட்டேன்.

“நாராயணா! பெருமாளைப் போய் நத்தை என்கிறீரே, ஓய்!” என்று காதைப் பொத்திக்கொண்டார்.

மறுநாள் காலையில் சாளக்கிராமத்துக்குத் திருமஞ்சனம் செய்வித்து, அந்தத் தீர்த்தத்தை மூன்று தரம் நாவில் விட்டுக்கொண்டு, துணிப்பையுடன் சங்குமுகத்துக்குப் பஸ் ஏறிவிட்டார்.