ஒண்டிக்கட்டைக்கு ஒரு வார்த்தை

'லோன்லி' என்ற ஒரு சொல்லைச் செய்து முடிப்பதற்குள் இங்கிலீஷ்காரன் பட்ட பாடு கொஞ்சமில்லை. முதலில் 'ஆல் ஒன்' என்று இரண்டு சொல்: முழுக்க ஒற்றை ஆள். பேசிப் பேசி அது 'அலோன்' ஆயிற்று. பிறகு யாரோ சோம்பேறி தலையெழுத்தை முழுங்கிவிட்டு 'லோன்' என்றான். பேங்க்கில் வாங்குகிற லோன் வேறு. ஆனால் அதை வாங்கினவனும் சீக்கிரமே தனியாள்தான். கடைசியில் வால் ஒட்டி 'லோன்லி'.

இதற்கு அகராதிக்காரர்கள் கூப்பிடும் பழைய சாட்சி ஷேக்ஸ்பியரின் 'கோரியோலேனஸ்', 1623-இல் அச்சான நாடகம். வாய்த்துடுக்கால் நாடுகடத்தப்பட்ட ரோமாபுரித் தளபதி, சதுப்பில் ஒற்றையாய்க் கிடக்கும் டிராகன் மாதிரி போகிறேன் என்று அம்மாவிடம் வசனம் பேசுகிறான். ஒரு மாசம் கூட வருகிறேன் என்ற நண்பனையும் வேண்டாம் என்றுவிட்டான். வீம்பு!

நம் ஆள் ராமனைப் பாருங்கள். 14 வருஷ வனவாசம், ஆனால் தனியாக விட்டார்களா? கிளம்பும்போதே பெண்டாட்டியும் தம்பியும் கூட. கங்கைக் கரையில் குகன் சொந்தம் கொண்டாடினான். சீதையைப் பறிகொடுத்துப் புலம்பியபோதும் கேட்க லட்சுமணன் இருந்தான். திரும்பும்போதோ சுக்ரீவன், விபீஷணன், அனுமன் என்று ஒரு ஊர்வலம். அயோத்திக்குப் போய்ச் சேருமுன் முகூர்த்தம் நெருங்கிவிட்டதாம். சேலத்துக்குக் கிழக்கே நம் அயோத்தியாப்பட்டணத்திலேயே பட்டாபிஷேகத்தை முடித்துவிட்டார்கள் என்கிறது தலபுராணம். கோதண்டராமர் கோயிலில் இன்றும் அதே பட்டாபிஷேகக் கோலம். இந்தக் கூட்டத்தில் டிராகனுக்கு நிற்க ஏது இடம்?

உண்மையில் தனியாகக் கிடந்தவர்கள் வனவாசம் போகாதவர்கள். பரதன் நந்திக்கிராமத்தில் ஒரு ஜோடி பாதுகையை முதலாளியாக வைத்துக்கொண்டு ராஜ்யம் நடத்தினான். என்ன கேட்டாலும் பதில் சொல்லாத முதலாளி. லட்சுமணன் பெண்டாட்டி ஊர்மிளையின் கதை அதைவிட மோசம். அண்ணனுக்குத் துணையாகத் தம்பி போனான், அண்ணியும் போனாள், "நீ என்னம்மா பண்ணப்போகிறாய்?" என்று இவளை ஒருவரும் கேட்கவில்லை. தெலுங்கு நாட்டுப்பாட்டு ஒன்று 14 வருஷமும் அவளைத் தூங்கவே வைத்துவிட்டது. விழித்திருந்தால் யாராவது பதில் சொல்லவேண்டி வந்திருக்கும்.

2018-இல் பிரிட்டன் தனிமைக்கென்று ஒரு மந்திரியே போட்டது. தசரதனுக்கு எட்டு மந்திரிகள். ஒருத்தருக்கும் இந்த இலாகா கிடையாது. இருந்திருந்தால் முதல் மனு ஊர்மிளையுடையது.