சவரத் தூரிகையின் தோற்றமும் வளர்ச்சியும்: அல்சூரை முன்வைத்து ஓர் ஆய்வு

தமிழில் எதைப் பற்றி ஆராய்ந்தாலும் ஆதிமனிதன் குகையிலிருந்து புறப்பட்டு வந்தால்தான் நெறியாளர் கையெழுத்துப் போடுவார். ஆகவே: மனிதன் தோன்றிய காலந்தொட்டே அவனுக்குத் தாடி முளைத்து வந்திருக்கிறது. சான்றுகள் பல. விரிவஞ்சி விடுக்கிறேன்.

பல வருஷம் உழைக்கக்கூடிய நல்ல ஷேவிங் பிரஷ் ஒன்றைப் பார்த்து வாங்குவது எப்படி என்பதே இவ்வாய்வின் நோக்கம். ஆய்வு எல்லை, பெங்களூரு அல்சூர். கருதுகோள், நல்ல பிரஷ் நெடுநாள் உழைக்கும் என்பது. முடிவும் அதுவே. கருதுகோளும் முடிவும் ஒன்றாக இருப்பதை நம் பல்கலைக்கழகங்கள் குறையாகக் கொள்வதில்லை. தட்டச்சுச் செலவு மிச்சம்.

ஏன் அல்சூர் என்று வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள். கேட்கட்டும் என்றுதான் காத்திருக்கிறேன்.

அல்சூர் ஏரியைக் காலையில் சுற்றி நடப்பவர்கள் எத்தனையோ பேர். உரோமவியல் நோக்கில் அதைச் சுற்றியவர் எவருமில்லை. ஏரியை ஒட்டி மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் மையம். 1780இலிருந்து வரலாறு உள்ள படை. ராணுவத்தில் அவர்களுக்குத் ‘தம்பிகள்’ என்று செல்லப்பெயர். விடிந்தால் மழுமழுவென்று மழித்த முகத்தோடு அணிவகுப்பில் நிற்க வேண்டியவர்கள். கென்சிங்டன் சாலைப் பக்கம் வந்தால் குருத்வாரா. இறைவன் தந்த முடியை இறைவன் தந்தபடியே காப்பவர்கள் கூடும் இடம். இன்னும் கொஞ்சம் நடந்தால் ஏரிக்கரையில் திருவள்ளுவர், தாடியும் மீசையுமாக. மழிப்போர், வளர்ப்போர், மழிக்கவும் வேண்டாம் வளர்க்கவும் வேண்டாம் என்றவர் ஆகிய மூன்று தரப்பும் ஒரே நீர்நிலையின் கரையில் கூடியிருப்பது உலகில் வேறெங்கும் இல்லை. (இக்கூற்றைச் சரிபார்க்க நான் வேறெங்கும் போகவில்லை. பயணப்படி மறுக்கப்பட்டது.) இதற்கு ‘அல்சூர் முக்கோணக் கோட்பாடு’ என்று பெயரிடுகிறேன். எடுத்தாள்வோர் என் பெயரைக் குறிப்பிட வேண்டும். என் நெறியாளர் பெயரை அதற்கு முன்னால் குறிப்பிட வேண்டும்.

முக்கோணத்தின் மூன்றாம் முனையில்தான் சிக்கல். கூடாவொழுக்கம் அதிகாரத்தின் கடைசிக் குறளில், எண் 280, உலகம் பழிப்பதை விட்டுவிட்டவனுக்கு மழிப்பும் வேண்டாம், நீட்டி வளர்ப்பதும் வேண்டாம் என்கிறார் வள்ளுவர். சிலையிலோ நீண்ட தாடி. பரிமேலழகர் இக்குறளைத் தலைமுடிக்கு ஏற்றி உரை சொல்லி, பறித்தலையும் மழித்தலுக்குள் அடக்கிவிட்டு நகர்ந்துவிட்டார். தாடியைத் தொடவே இல்லை. பிரஷ்ஷைப் பற்றி மூச்சுவிடவில்லை. உரையாசிரியர் விட்டுப்போன இடத்தில்தான் முனைவர் பட்டங்கள் முளைக்கும் என்பதால் இம்மௌனத்துக்கு மட்டும் ஓர் இயல் ஒதுக்கியிருந்தேன்; இடமின்மையால் குறைத்தேன்.

இந்தச் சிலை 1991இலிருந்து பதினெட்டு ஆண்டுகள் திறக்கப்படாமல் மூடிக் கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்று முதல்வர் கருணாநிதி வந்து திறந்து வைத்தார். நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. அரசியல் அறிஞர்கள் இதை இரு மாநில நல்லுறவு என்று எழுதிவிட்டு ஓய்ந்துவிட்டார்கள். மூடியிருந்த பதினெட்டு ஆண்டுகளில் தாடியின் நீளம் கூடியதா என்ற அடிப்படைக் கேள்வியை ஒருவரும் எழுப்பவில்லை. சிலையானபடியால் கூடியிருக்காது என்கிறது ஒரு கட்சி (எதிர்வீட்டுக்காரர், நடைப்பயிற்சியின்போது கூறியது). அளந்து பார்க்காமல் எப்படிச் சொல்வீர்கள் என்கிறது மறு கட்சி (அதே எதிர்வீட்டுக்காரர், திரும்பி வரும்போது). இன்று நாம் காணும் வள்ளுவர் முகத்தை வரைந்தவர் ஓவியர் கே.ஆர். வேணுகோபால் சர்மா. ஆக, தமிழகத்தின் தலைசிறந்த தாடி ஒரு பிரஷ்ஷிலிருந்துதான் பிறந்தது. தாடியை உண்டாக்குவது ஒரு பிரஷ், களைய உதவுவது இன்னொன்று. இந்த முரணியக்கத்தை மார்க்சிய ஆய்வாளர்கள் எப்படித் தவறவிட்டார்கள் என்பது வியப்பே.

வரலாற்றுப் பின்னணி: பாரிஸில் பிளிசோன் என்ற பிரஷ் நிறுவனம் தொடங்கிய ஆண்டு 1808. பெங்களூரில் ஆங்கிலேயர் கண்டோன்மென்ட் அமைத்த ஆண்டு 1809. நடுவே ஒரே ஓர் ஆண்டு. இதைத் தற்செயல் என்று ஒதுக்குவோர் ஆய்வு மனப்பான்மை அற்றவர்கள்.

இனி முடி வகைகள். இங்கே அல்சூரில் இரண்டு சிந்தனைப் பள்ளிகள் உண்டு. ஒன்று மர்ஃபி டவுன் பள்ளி. இதன் நிறுவனர் என் மாமா. மற்றது கேம்பிரிட்ஜ் பள்ளி. இதன் நிறுவனர் கேம்பிரிட்ஜ் லேஅவுட்டில் குடியிருக்கும் சித்தப்பா. (அடிக்குறிப்பில் ‘கேம்பிரிட்ஜ் அறிஞர்’ என்று மட்டும் போட்டுக்கொள்ளலாம். லேஅவுட் அச்சில் விடுபட்டது என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம். முன்னோடிகள் இருக்கிறார்கள்.)

கேம்பிரிட்ஜ் பள்ளி பேட்ஜர் முடியைத் தவிர வேறெதையும் கன்னத்தில் அண்டவிடாது. பேட்ஜர் என்பது கீரிப்பிள்ளை பருமனில் தொடங்கிக் குட்டிக் கரடி போல் முடியும், வளை தோண்டி வாழும் ஒரு பிராணி. கடைக்கு வரும் முடி பெரும்பாலும் சீனச் சரக்கு. மென்மையானது, தண்ணீரை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், விலை கையைக் கடிக்கும். பியூர், பெஸ்ட், சூப்பர், சில்வர்டிப் என்று படிநிலைகள் வேறு. இந்தப் பட்டங்களுக்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒரு கம்பெனியின் பெஸ்ட் இன்னொரு கம்பெனியில் சூப்பராகிவிடும். நம் இலக்கிய மன்றங்கள் தரும் செம்மல், மாமணி, ஞாயிறு பட்டங்களைப் போலத்தான், கொடுத்தவர் யாரென்று பார்த்துத்தான் மதிக்க வேண்டும். கள ஆய்வுக்காகப் பஜார் தெருவில் ஒரு ஃபேன்சி ஸ்டோருக்குப் போனேன். “ஒரிஜினல் பேட்ஜர் சார்” என்று ஒன்றை எடுத்து வைத்தார் கடைக்காரர். பேட்ஜர்னா என்னங்க என்று கேட்டேன். “அது கம்பெனி பேரு சார்” என்றார். தரவு தரவுதான், பதிவு செய்துகொண்டேன்.

மர்ஃபி டவுன் பள்ளி பன்றி முடிக் கட்சி. புதிதில் விறைப்பாக நிற்கும், கொஞ்சம் வாடையும் அடிக்கும். தண்ணீரில் சில நிமிஷம் ஊற வைத்துத்தான் எடுக்க வேண்டும். சில வாரங்களில் ஒவ்வொரு முடியின் நுனியும் பிளந்து மெதுவாகிவிடும். அடிப்பக்கம் முறுக்கோடு நிற்பதால் சோப்பை நன்றாக வாரி எடுக்கும். “புது மாப்பிள்ளை மாதிரிடா, கொஞ்ச நாள் முறைப்பான், அப்புறம் நம்ம வழிக்கு வந்துடுவான்” (மாமா, வாய்மொழிச் சான்று, கண்ணாடி முன்னிலையில், ஒரு கன்னம் மட்டும் முடிந்த நிலை). விலையும் மலிவு.

குதிரை முடி: இரண்டுக்கும் நடுவில்.

அந்த ஒரு வரியோடு விடலாம்தான், முதல் உலகப்போர் விடமாட்டேன் என்கிறது. போரால் பேட்ஜர் முடி வரத்து தடைப்பட, குதிரை முடிக்குச் சாயம் ஏற்றிப் பேட்ஜர் என்று விற்றார்கள். விஷவாயு முகமூடி முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டுமென்று படையில் தினசரி சவரம் கட்டாயமாகியிருந்த காலம். கிருமிநீக்கம் சரியாகச் செய்யாத அந்த முடியால் பிரிட்டிஷ், அமெரிக்கப் படைவீரர்கள் பலருக்கு அடைப்பான் நோய், அதாவது ஆந்த்ராக்ஸ், கன்னத்தில் வந்து இறங்கியது, செத்தவர்களும் உண்டு. 1920இல் ஜப்பானிலிருந்து வரும் ஷேவிங் பிரஷ்ஷுக்கு பிரிட்டன் தடையே போட்டது. தாத்தாவின் பெட்டியிலிருந்து அந்தக் காலத்துப் பிரஷ் எதுவும் கிடைத்தால் கண்ணாடி அலமாரியில் வைத்து அழகு பாருங்கள். கன்னத்தில் வைக்க வேண்டாம்.

செயற்கை இழை: ஊற வைக்க வேண்டாம், சீக்கிரம் காயும், விலங்கு முடி ஆகாதவர்களுக்கும் பன்றி முடி ஆகாதவர்களுக்கும் இதுதான் வழி. பழைய நைலானை விட இன்றைய மெல்லிய இழைகள் எவ்வளவோ தேவலை. ஆராய்வதற்கு ஒன்றுமே இல்லாததால் அறிஞர்கள் இதை விரும்புவதில்லை.

இவ்வளவு சண்டை போட்டும் இரு பள்ளிகளும் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை. அல்சூரில் ஒரு நாள் காவிரி வரும், ஒரு நாள் போர்வெல் ஓடும். போர்வெல் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத படிவமாகிவிடும். நுரை எழும்பாது, வெள்ளைப் பிசுக்குத்தான் மிஞ்சும். நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து மேடேறி வரும் காவிரியில் அதே பிரஷ் பொங்கும். சித்தப்பா போர்வெல் நாளில் பிரஷ்ஷைத் திட்டுகிறார், காவிரி நாளில் பேட்ஜரைப் புகழ்கிறார். இது போதாதென்று, இதே ஊரின் தென்கிழக்கில் பெல்லந்தூர் ஏரி யாரும் பிரஷ் போடாமலேயே நுரைத்துத் தள்ளுகிறது. சுத்திகரிக்காத கழிவுநீரும் சோப்புத்தூளும் சேர்ந்த நுரை. 2015 மேயில் அது தீப்பற்றியும் எரிந்தது. நுரையின் தரத்துக்கு முடியின் குலம் காரணமில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எந்தக் கருத்தரங்க மலரிலும் கிடைக்காது. மலேசியாவிலிருந்து ஒருவர் வந்து போனதால் பன்னாட்டுக் கருத்தரங்கம் ஆகிவிட்டவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

பிரஷ்ஷின் ஆயுளுக்கு வருவோம். பிரஷ் சாவது முடியால் அன்று, பசையால். முடிக்கற்றையைக் கட்டிக் கைப்பிடிக் குழிக்குள் பசை போட்டு இறக்கியிருப்பார்கள். கொதிக்கும் தண்ணீர் அந்தப் பசையை இளக்கும். நாளெல்லாம் மக்கில் முக்கியே வைத்தால் அடிப்பகுதி ஊறி அழுகும், மரக் கைப்பிடி வெடிக்கும். பூட்டிய அலமாரியில் ஈரத்தோடு வைத்தால் பூஞ்சை. அப்படியானால் எப்படிக் காய வைப்பது? தலைகீழாகத் தொங்கவிட வேண்டும் என்பது கேம்பிரிட்ஜ் பள்ளியின் உயிர்க்கொள்கை (சித்தப்பா, குளியலறைச் சொற்பொழிவுகள், கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டு எழுதியது, குழாய்ச் சத்தத்தால் பாடபேதம் மிகுதி). நிமிர்த்தியே வைக்கலாம் என்பது மர்ஃபி டவுன் மறுப்பு (மாமா, மேற்படி சொற்பொழிவுகளுக்கு எதிருரை, தீபாவளியன்று இலை போட்ட பிறகு நிகழ்த்தியது). இரண்டையும் கண்டித்து எழுந்த மூன்றாவது குரல்தான் முக்கியமானது: “எங்கே வேணா தொங்க விடுங்க, ஜன்னல் பக்கமா இருக்கட்டும். முதல்ல நல்லா உதறுங்க, ஆனா கண்ணாடி மேல உதறாதீங்க” (அத்தை, சமையலறைச் சுவடி, குக்கர் விசிலால் நடுவில் மூன்று வரிகள் சிதைந்துள்ளன, பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பியவை அத்தையால் நிராகரிக்கப்பட்டன).

அத்தை சொல்வதே சரி. முடிக்கற்றைக்குள் நிற்கும் ஈரம் புவியீர்ப்புக்கு அவ்வளவாக மசிவதில்லை. முடிகளின் இடுக்கே அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உதறலும் காற்றும்தான் வேலை செய்யும். இம்முடிவு இரு பள்ளிகளையும் ஒருசேரப் பாதிப்பதால் எந்த ஆய்விதழும் வெளியிட முன்வரவில்லை. அத்தைக்குப் பட்டம் கிடையாது என்பதும் ஒரு காரணம்.

மேலாய்வுக்கு இடமுண்டு என்று எழுதி முடிப்பது மரபு. இடமில்லை. கடையில் பிரஷ்ஷை எடுத்து உள்ளங்கையில் அழுத்துங்கள்; வளைந்து நிமிர வேண்டும். விரலால் கோதி லேசாக இழுங்கள்; புதிதில் நாலைந்து முடி உதிர்வது சகஜம், கொத்தாக வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முடி இறங்கும் இடத்தில் இடைவெளி தெரியக் கூடாது. கற்றையின் குறுக்களவு 22 முதல் 24 மில்லிமீட்டர் இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் சோப்பைப் பிரஷ்ஷே குடித்துவிடும். வழுக்காத பிளாஸ்டிக் கைப்பிடி போதும். பன்றி முடியோ செயற்கை இழையோ, உங்களுக்கு ஒத்துக்கொள்வதை வாங்குங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் போதும், முடிந்ததும் அலசிப் பிழிந்து உதறி ஜன்னலோரம் வையுங்கள். பேட்ஜர் வாங்காமல் மிச்சமாகும் பணத்தைக் கருத்தரங்கப் பதிவுக் கட்டணமாகக் கட்டிவிடாதீர்கள். பிளேடு வாங்குங்கள்.