படம் எடுக்கலாம், நாள் எடுக்கக் கூடாது!

கேள்வி: பிள்ளைக்கு 20 நாள். கண் இன்னும் மஞ்சள். காலை வெயிலில் கிடத்தச் சொல்கிறார் மாமி. (ஒரு தாய், தருமபுரம்)

பதில்: வெயில் தோலோடு நின்றுவிடும், பித்தக் குழாய் அடைத்திருந்தால் அதைத் திறக்காது. 14 நாள் தாண்டிய மஞ்சளுக்கு இரத்தப் பரிசோதனை வேண்டும். மலம் சுண்ணாம்பாய் வெளிறினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கேள்வி: ஸ்கானுக்கு முன் பால் கொடுக்காதே என்கிறார்களே, பச்சைப் பிள்ளைக்கு இது என்ன விரதம்? (புதுக்குடியிருப்பு)

பதில்: பால் குடித்தால் பித்தப்பை சுருங்கிவிடும். பாலால் சுருங்கியதா, பிறவியிலேயே சிறுத்ததா என்று பிறகு பிரித்தறிவது கடினம். சில மணி நேரம்தான், கத்தினால் கத்தட்டும்.

கேள்வி: எம்.ஆர்.சி.பி. எழுதித் தந்திருக்கிறார்கள். கதிர்வீச்சு ஆபத்தில்லையா? (வவுனியா)

பதில்: பித்தக் குழாயைப் படமெடுக்கும் அந்த ஸ்கானில் எக்ஸ்ரே இல்லை, காந்தமும் ரேடியோ அலையும்தான். பித்தமும் ஒரு நீர்தானே, சாயம் ஏற்றாமலே குழாய் வெள்ளையாகத் தெரியும். வாய்வழியே குழாய் விட்டுச் சாயம் செலுத்திப் பார்க்கும் முறையில் கணைய அழற்சி வரலாம். இதில் அந்தப் பயமில்லை. ஆனால் அசையக் கூடாது, சின்னப் பிள்ளைக்கு மயக்க மருந்து தேவைப்படலாம். காப்பையும் பஞ்சாயுதத்தையும் கழற்றி அம்மம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: மகளுக்கு ஆறு வயது. பித்தக் குழாயில் பிறவி நீர்க்கட்டியாம். புற்றுநோயா? (ஒட்டுசுட்டான்)

பதில்: இல்லை. குழாய் பை போல வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஆசியாவில், அதிலும் பெண் பிள்ளைகளிடம், கூடுதலாகக் காணப்படுவது. விட்டுவைத்தால்தான் பிற்காலத்தில் புற்றுநோய் ஆபத்து. 1977இல் ஜப்பானியர் தொடானி இதை ஐந்து வகையாக்கினார். எந்த வகை என்று படம் சொல்ல, சத்திரசிகிச்சை நிபுணர் அதற்கேற்ப முடிவெடுப்பார். பெரும்பாலும் வீங்கிய குழாயை வெட்டி எடுத்து, ஈரலைச் சிறுகுடலோடு இணைப்பார்கள்.

கேள்வி: கைக்குழந்தைக்கு மஞ்சள். ஸ்கானில் ஒன்றுமில்லை என்றார்கள். கீழ்க்காய்நெல்லிக் கசாயம் கொடுத்துப் பார்க்கலாமா? (நெடுங்கேணி)

பதில்: கசாயம் வேண்டாம், கசாய் வேண்டியிருக்கலாம்! அடைத்த குழாய்க்குப் பதிலாகச் சிறுகுடலை ஈரலோடு நேரே தைக்கும் சிகிச்சையை 1959இல் எழுதிவைத்த ஜப்பானிய மருத்துவரின் பெயர்தான் கசாய். 60 நாளுக்குள் செய்தால் பலன் கூட. பிறவி அடைப்பு சிலவேளை ஸ்கானுக்கும் கண்ணாமூச்சி காட்டும். மலம் வெளிறியே இருந்தால் மறுபடி போய்க் கேளுங்கள். கடைசித் தீர்ப்பு சத்திரசிகிச்சை மேசையில்தான் கிடைக்கும்.

கேள்வி: முறிகண்டிப் பிள்ளையாருக்கு நேர்த்தி இருக்கிறது. அதை முடித்துவிட்டு யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா? (மாங்குளம்)

பதில்: போகிற வழியில்தானே இருக்கிறார்! தேங்காயை உடைத்துவிட்டு அதே பஸ்ஸில் ஏறுங்கள். மிச்ச நேர்த்தியைத் திரும்பி வந்து செய்யலாம். பிள்ளையார் நாள் கணக்குப் பார்ப்பதில்லை, ஈரல் பார்க்கும்.