கடலுக்கு முன் ஓர் ஊர்

விடுமுறைக்குத் திருவனந்தபுரம் வர ரயில் தேடும் வாசகர்களின் கேள்விகள். பதில்கள் அந்த ஊரின் ஆரியசாலையிலிருந்து.

கே: சென்னையிலிருந்து விமானம் இருக்கும்போது ராத்திரியெல்லாம் ரயிலில் எதற்கு? (தாம்பரம்)

ப: விமானத்தில் வந்தால் ஊர் மட்டும்தான் கிடைக்கும், வழி கிடைக்காது. அனந்தபுரி எக்ஸ்பிரஸில் காலையில் கண் விழித்தால் நெல்லைச் சீமையின் பனைமரங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள். நாகர்கோவில் தாண்டியதும் தென்னை, வாழை, ரப்பர். காய்ந்த மண் ஈர மண்ணாவதை ஒரே காலையில், பல் தேய்த்தபடியே பார்த்துவிடலாம்.

கே: அனந்தபுரியை விட்டால் வேறு வழி? (மதுரை)

ப: சென்னை சென்ட்ரலிலிருந்து திருவனந்தபுரம் மெயில் பாலக்காடு, கோட்டயம் வழியாக வரும். உங்களுக்கு அதைவிட நல்ல வழி வீட்டு வாசலிலேயே இருக்கிறது: செங்கோட்டை மலைப்பாதை. 1904-ல் மீட்டர் கேஜாகத் திறந்த பாதை, அகலப்பாதையாகி 2018-ல் மீண்டும் முழுதாக ஓடத் தொடங்கியது. சென்னை–கொல்லம் எக்ஸ்பிரஸ் மலையைப் பெரும்பாலும் இருட்டில் கடந்துவிடும். பகலில் கடக்கும் மதுரை–குருவாயூர் எக்ஸ்பிரஸைப் பிடியுங்கள். ஆரியங்காவு குகை, தென்மலைக் காடு, கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலம். பாலத்தின் வளைவுகள் கீழே சாலையில் போகிறவருக்குத்தான் தெரியும்; பள்ளத்தாக்கு உங்களுக்கு. கொல்லத்தில் வண்டி மாறிக்கொள்ளுங்கள்.

கே: மெயிலில் எந்தப் பக்கத்து ஜன்னல்? (சேலம்)

ப: வலது. கொல்லம் தாண்டிப் பரவூர் வந்ததும் காயல் தெரியும். அந்த நேரத்தில் செல்போனைப் பைக்குள் போட்டுவிடுங்கள்.

கே: நான்கு மாதம் முன்பே டிக்கெட் எடுக்கலாமா? (ஓசூர்)

ப: அது பழைய கணக்கு. 2024 நவம்பர் முதல் 60 நாள்தான். பள்ளி விடுமுறை என்றால் அறுபதாவது நாள் காலையிலேயே உட்கார்ந்துவிடுங்கள்.

கே: ஸ்டேஷனில் இறங்கி நேரே கோவளம் போய்விடலாம் அல்லவா? (கரூர்)

ப: போகலாம். பலரும் அப்படித்தான் போகிறார்கள். அதில்தான் எனக்கு வருத்தம். ஸ்டேஷன் இருக்கும் தம்பானூரில் இறங்கினால் சாலைக் கடைத்தெரு நடை தூரம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசர் உண்டாக்கிய சந்தை இது. நேந்திரங்காய் வறுக்கும் கடை முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். கடைக்காரர் காயை நேரே கொதிக்கும் தேங்காயெண்ணெய்க்குள் சீவுகிறார். பாதி வெந்ததும் மஞ்சள் கலந்த உப்புத் தண்ணீரை ஒரு கரண்டி ஊற்றுகிறார். சடசடவென்று எண்ணெய் கத்தும். சத்தம் அடங்கினால் சிப்ஸ் தயார். அவர் பதம் பார்ப்பது காதால்.

எழுத்தாளர் ஆ. மாதவன் இந்தத் தெருவில் கடை நடத்திக்கொண்டே இந்தத் தெருவின் மனிதர்களைக் கதையாக்கினார். ரயிலில் படிக்க அவருடைய 'கடைத்தெருக் கதைகள்' கொண்டு வாருங்கள். இறங்கி நடக்கும்போது தெரு பழகியதாகிவிடும்.

கே: மலையாளம் தெரியாதே? (அரியலூர்)

ப: சாலைத் தெருவில் தமிழ் போதும். தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வியாபாரம் செய்யும் இடம்.

கே: தஞ்சாவூர்க்காரனுக்கு உங்கள் ஊரில் என்ன இருக்கிறது? (தஞ்சாவூர்)

ப: உங்கள் ராஜராஜனே இருக்கிறார். அவருடைய மெய்க்கீர்த்தி முதலில் பேசும் வெற்றி காந்தளூர்ச் சாலை. ஆரியசாலையை அடுத்த வலியசாலையில் காந்தளூர் மகாதேவர் கோயில் உண்டு. மெய்க்கீர்த்தி சொல்லும் சாலை இதுதானா, விழிஞ்ஞம் பக்கமா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். நீங்களும் வந்து ஒரு கட்சி சேருங்கள்.

கே: எந்த மாதம் வரலாம்? (தக்கலை)

ப: வெயிலும் கடலும் வேண்டுமென்றால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. ஊரைப் பார்க்க நவராத்திரி. உங்கள் பக்கத்திலிருந்துதான் சாமிகளே வருகிறார்கள்: பத்மநாபபுரத்துச் சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை. மூவரும் எல்லை தாண்டி ஊர்வலமாக வருகிறார்கள். குமாரசுவாமி தங்குவது எங்கள் ஆரியசாலை தேவி கோயிலில். பங்குனி, ஐப்பசி ஆராட்டும் விசேஷம். பத்மநாபசுவாமி சங்குமுகம் கடலுக்குப் போகிற வழியில் விமான நிலையத்தின் ஓடுபாதை இருக்கிறது. சாமி கடந்து போகும்வரை விமானங்கள் காத்திருக்கும்.

கே: பத்மநாபசுவாமி கோயிலுக்கு என்ன உடை? (பழனி)

ப: ஆண்களுக்கு வேட்டி உண்டு, சட்டை கிடையாது. பெண்களுக்குச் சேலை. சுடிதார் என்றால் மேலே ஒரு வேட்டியைச் சுற்றிக்கொள்ள வேண்டும். மதியம் நடை சாத்திவிடும்.

கே: பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியும். கடலில் இறக்கலாமா? (ஈரோடு)

ப: குளத்து நீச்சல் கடலுக்குப் போதாது. சிவப்புக் கொடி பறந்தால் கால்கூட நனைக்க வேண்டாம். உயிர்காவலர் விசில் ஊதினால் வாதாடாமல் வெளியே வாருங்கள். அலை கரையில் கொட்டிய தண்ணீர் ஓரிடத்தில் கூடித் திரும்ப ஓடும். அந்த இடம் பார்க்க அமைதியாக இருக்கும், ஆபத்து அங்கேதான். இழுத்துப்போனால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும். கோடையில் இன்னொன்று: காற்றும் மழையும் இல்லாமலே கடல் ஏறிவரும். மீனவர்கள் இதைக் கள்ளக்கடல் என்பார்கள். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ அடித்த புயல் அனுப்பும் அலை அது. எச்சரிக்கை வந்தால் அன்று கடற்கரையை விட்டுவிடுங்கள்.

கே: மூன்றே நாள் லீவு. எப்படிப் பிரிப்பது? (விருதுநகர்)

ப: முதல் நாள் நடை: சாலைத் தெரு, கிழக்கேகோட்டை, சுவாதித் திருநாளின் குதிரை மாளிகை, சாப்பாட்டில் பால்பாயசத்தோடு போளி. இரண்டாம் நாள் கிழக்கேகோட்டையில் பஸ் ஏறிக் கோவளம். கலங்கரை விளக்கத்தில் ஏறிப் பாருங்கள். மூன்றாம் நாள் ரயிலில் வர்க்கலை. செம்மண் குன்றின் கீழே கடல். வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம். முதல் நாளே கடலைக் காட்டிவிட்டால் பிள்ளைகள் அப்புறம் ஊருக்குள் வர மாட்டார்கள்.