கத்திக்கு முகூர்த்தம் குறிச்ச பேராண்டிக்கு

வா அப்பு, இப்படித் திண்ணையில உக்காரு. பொண்டாட்டிக்குச் சிசேரியன்தான்னு டாக்டரம்மா சொன்னதும் நீ நேரா சோசியர் வீட்டுக்குப் போயி நாள் குறிச்சுட்டு வந்துட்டியாமே? கெட்டிக்காரன்டா. கல்யாணத்துக்கு நாள் பாத்த, நெலை வைக்க நாள் பாத்த, கத்தி வைக்க மட்டும் பாக்காம இருந்தா குடும்ப கௌரவம் என்னாகுறது?

டாக்டரம்மா 39 வாரம் ஆகட்டும்னாக. சோசியரு 37லயே குரு நல்லா இருக்காருன்னாரு. இருக்கட்டும், யாரு வேண்டாம்னா? நுரையீரல் முத்தாத புள்ளைய எடுத்து அது மூச்சுக்குத் தவிச்சா, குரு எறங்கி வந்து ஊதியா விடுவாரு? புள்ளை கண்ணாடிப் பொட்டிக்குள்ள கெடக்கும், நீ வராந்தாவுல ஜாதகத்த வச்சு விசிறிக்கிட்டு நிப்ப. ஆபத்துன்னா எந்த வாரத்துலயும் எடுப்பாக, எமகண்டத்துலயும் எடுப்பாக. அது அவுக கணக்கு.

சரி, எதுக்கு ஆபரேஷன்னு கேட்டியா? பாரு, தலையச் சொறியுற. உழவு மாடு வாங்கப் போனா பல்லப் பாத்து, சுழியப் பாத்து, வாலத் தூக்கிப் பாத்து, தரகன் அழுவுற வரைக்கும் கேள்வி கேப்ப. ஆஸ்பத்திரியில நீட்டுன காயிதத்துல மட்டும் படிக்காமலே கையெழுத்துப் போடுவ. புள்ளை குறுக்க கெடக்கா, காலு கீழ வந்திருக்கா, நஞ்சுக்கொடி வாசல அடைச்சிருக்கா, புள்ளையோட துடிப்பு எறங்குதா, தாய்க்குப் பிரசர் அடங்காம நிக்குதா? இதுல ஒண்ணச் சொன்னா மறுபேச்சு பேசாத, கும்புட்டுக் கையெழுத்துப் போடு. காரணத்தச் சொல்லாம தேதிய மட்டும் சொன்னா, இன்னொரு டாக்டர்கிட்டயும் காட்டு. அதுல ஒண்ணும் மரியாதக் கொறைச்சல் இல்ல.

ஏன் சொல்றேன்னா, 2019–21ல சர்க்கார் எடுத்த குடும்ப நலக் கணக்க உன் தங்கச்சி படிச்சுக் காட்டுனா. தமிழ்நாட்டுல நூறு புள்ளைக்கு 45 புள்ளை ஆபரேஷன்லதான் பொறந்திருக்கு. சர்க்கார் ஆஸ்பத்திரியில 36, தனியாருல 64. நம்ம பொம்பளைக வயித்துக்கு எழுதப் படிக்கத் தெரியும்போல. வாசல்ல தொங்குற போர்டப் படிச்சுப்புட்டுத்தான் தெறக்குறதா மூடுறதான்னு முடிவு பண்ணுது.

அதுக்காக உங்காத்தா பேச்சக் கேட்டுக்கிட்டு ஆடாத. "நாங்கெல்லாம் வலிச்சுப் பெத்தோம், இவ நோகாம பெக்கப் போறா"ன்னு தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரியுறா. பத்துப் பெத்தவ கதைய நானும் சொல்லுவேன். பெக்கையிலேயே போனவ வந்து கதை சொல்ல மாட்டா, அம்புட்டுத்தான் வித்தியாசம். நோகாமலாம்! தோலு, கொழுப்பு, சதை மேல போத்துன சவ்வு, வயித்து உள்சவ்வு, அப்புறம் கர்ப்பப்பை, இம்புட்டையும் தாண்டி புள்ளைய எடுக்கணும். முதுகுல ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ மரத்துப்போக வைக்கிறாக. அவ முழிச்சுத்தான் இருப்பா, இழுக்குறது அமுக்குறது தெரியும், புள்ளை அழுகுறதும் கேக்கும். புள்ளைய எடுக்குறது பெரும்பாலும் பத்து நிமிசத்துக்குள்ள. தச்சு மூடத்தான் அரை மணிக்கு மேல. மரப்பு விட்டதும் வர்ற வலிய உங்காத்தாவா வாங்கிக்கப் போறா?

இப்ப உன் வேலைக்கு வா. அவ ரத்தம் என்ன குரூப்பு? தெரியாது. உன் செல்போனுக்கு எத்தன ஜிபின்னா மட்டும் தூக்கத்துலயும் சொல்லுவ. குரூப்பக் கேட்டு வையி, ரத்தம் குடுக்க ரெண்டு பயலுகளச் சொல்லி வையி. அவ ரத்தத்துல இரும்புச்சத்து எம்புட்டுன்னு பாரு, கொறைஞ்சிருந்தா நர்சம்மா குடுத்த மாத்திரைய முழுங்கச் சொல்லு. அது சன்னல்ல காக்காய்க்கு வைக்கிறதுக்கு இல்ல.

ஆபரேஷனுக்கு ஆறு மணி நேரம் முன்னாடியே சோறு பலகாரம் நிறுத்தணும். வெறுந் தண்ணி ரெண்டு மணி நேரம் முன்னாடி வரைக்கும் குடிக்கலாம்பாக. உன் மாமியா பாசத்துல முந்தானைக்குள்ள ரெண்டு இட்லிய ஒளிச்சுக் கொண்டாருவா, அங்கதான் நீ ஆம்பளையா நிக்கணும். மயக்கத்துல வாந்தி மேல வந்து நுரையீரலுக்குள்ள எறங்குனா உசுருக்கே மோசம். வளைகாப்பு வளையல், மூக்குத்தி எல்லாம் முந்துன நாளே கழட்டி வச்சு, நகப்பாலிசையும் அழிச்சுரு. பிளேடு எடுத்து வீட்டுலயே செரைக்காதீக, கீறல் வழியாச் சீழ் புடிக்கும். தேவைப்பட்டா அவுகளே பாத்துக்குவாக.

புள்ளை பொறந்ததும் யாராச்சும் சக்கரத் தண்ணியோட வருவாக, வாசல்லயே மறிச்சுரு. ஆபரேஷன் ஆனவளுக்கும் பால் உண்டு. நர்சம்மா புடிச்சுக்கிட்டா மொத ஒரு மணி நேரத்துலயே படுத்த வாக்குலயே குடுக்கலாம். "தண்ணி குடிச்சா புண்ணுல நீர் கோத்துக்கும்"னு ஒரு கெழவி சொல்லுவா. அது நானா இருந்தாலும் கேக்காத. பால் குடுக்குறவ தாகத்துக்குத் தண்ணி குடிக்கணும். மறுநாளே எந்திரிச்சு மெல்ல நடக்கணும், அசையாம கெடந்தா கால்ல ரத்தம் கட்டும்.

ஆறு வாரத்துக்குப் புள்ளைய விடக் கனமான எதையும் அவ தூக்கக் கூடாது. அரிசி மூட்டை, தண்ணிக் குடம், மாவு அரைக்கிற கிரைண்டர் கல்லு எல்லாம் உன் பாடு. போட்டோப் புடிக்க ஆள் பேசிட்டியாமே, நீ குடந் தூக்குறதையும் சேத்துப் புடிக்கச் சொல்லு, பேரப்புள்ளைக்குக் காட்டணும்.

டிஸ்சார்ஜ் சீட்ட கேஸ் ரசீதோட சொருகிப்புடாத. அடுத்த புள்ளை சுகப்பிரசவம் ஆகலாமான்னு அதுல எழுதியிருக்கிற வெட்டப் பாத்துத்தான் டாக்டரு சொல்லுவாக. ஒருவாட்டி கத்தி வச்சா எப்பவும் கத்திதான்னு கெடையாது. ஆனா ஆபரேஷன் வசதி இருக்குற ஆஸ்பத்திரியிலதான் பாக்கணும், வருசத்துக்கு ஒண்ணுன்னும் அலையக் கூடாது.

வீட்டுக்கு வந்தப்புறம் காய்ச்சல் அடிச்சா, தையல்ல சீழ் வச்சா, ஒரு மணி நேரத்துல துணி நனைஞ்சு மாத்துற அளவுக்கு ரத்தம் போனா, ஒத்தக் கால் வீங்கி வலிச்சா, மூச்சு முட்டுனா, கோடாங்கியத் தேடி ஓடாதடா. 108ஐக் கூப்புடு.