படிக்காதோர் வாசகர் வட்டம்

பினாங்கின் கெலுகோர் வட்டாரத்தில் நூல் கலந்துரையாடலுக்குப் போக உத்தேசமா? தயவுசெய்து புத்தகத்தைப் படித்துத் தொலைக்காதீர்கள். படித்தவருக்கு அங்கே வேலையில்லை.

நிரலைப் பாருங்கள். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை. சிறப்பு விருந்தினரான டத்தோ இன்னும் பாலத்து நெரிசலில் மாட்டியிருப்பதால் இடையில் ஒரு பரதம். டத்தோ வந்ததும் மாலை, பொன்னாடை, சிறப்புரை. பிறகு முதல் பிரதி, தடித்த பண உறை, கேமரா பக்கம் திரும்பிய சிரிப்பு. அடியில், பொடி எழுத்தில், ‘கலந்துரையாடல் – 10 நிமிடம்’. டத்தோ அதையும் விழுங்கிவிட்டுத்தான் இறங்குவார். கையில் இருப்பது நாவல். அவர் புகழ்வதோ ‘இந்த அருமையான கவிதைத் தொகுப்பை’. மண்டபம் கை தட்டும். நூலாசிரியரும் தட்டுவார்!

அடுத்து நூலாய்வாளர். அவர் புத்தகத்தில் அடையாளச் சீட்டு அணிந்துரையோடு நின்றிருக்கும். அதற்கப்பால் தாள்கள் அச்சகத்து மொடமொடப்போடு கன்னி கழியாமல் கிடக்கும். ஆனாலும் ‘உலகத் தரம்’ என்று தீர்ப்பு வந்துவிடும்.

தப்பித் தவறி ஒரு மாணவன் எழுந்து கேட்பான்: “மூணாவது அத்தியாயத்துல செத்துப்போனவரு ஏழாவதுல எப்படி சார் தே தாரிக் குடிக்கிறாரு?”

“தம்பி, நம்ம தமிழன் ஒருத்தன் எழுதுறதே பெருசு. ஊக்கம் கொடுக்கணும், குத்தம் சொல்லக் கூடாது. உட்காருங்க.”

உட்கார்ந்தவன் அடுத்த மாதம் வரமாட்டான். செத்தவர் மட்டும் இரண்டாம் பதிப்பிலும் தே தாரிக் குடிப்பார். ‘இளைஞர்களுக்கு வாசிப்பே இல்லை’ என்று நன்றியுரையில் கண்ணீர் வடித்துவிட்டு எல்லோரும் மீஹூனுக்கு வரிசையில் நிற்பார்கள்.

இந்தக் கூத்து நடப்பது எந்த ஊரில்? 1883இலேயே நாகூர் குலாம் காதிறு நாவலர் ‘வித்தியா விசாரிணி’ இதழை நடத்திய பினாங்கில். ப. சிங்காரம் ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ என இரண்டு நாவல்களில் தன் மாந்தரை நடமாடவிட்ட பினாங்கில். இரண்டாவது நாவல் அச்சேற 1972 வரை காத்துக் கிடந்தது. அந்த மனிதருக்கு எந்த டத்தோவும் உறை நீட்டவில்லை. இதே கெலுகோரில், 1969இல் தொடங்கிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில்தான் ரெ. கார்த்திகேசு பேராசிரியராக இருந்தார். நாவல் எழுதினார், அடுத்தவர் எழுத்தைப் படித்து, நல்லதையும் சொத்தையையும் பிரித்துச் சொல்லி விமர்சனமும் எழுதினார். 2016இல் மறைந்தார். அவர் படத்துக்கு மாலை போட நமக்குக் கை நடுங்காது. அவருடைய ‘அந்திம காலம்’ நாவலைப் படித்தவர்கள் கை தூக்குங்கள் என்றால் மண்டபத்தில் மின்விசிறி மட்டும் அசையும்.

ஏன் இது மாறாது? யாருக்கும் நட்டமில்லை, அதனால்தான். இடம் கொடுக்கும் நூலகத்துக்கு அறிக்கையில் எழுதத் தலைக்கணக்கு. நடத்தும் சங்கத்துக்கு மானியத்துக்கான ஆதாரம். டத்தோவுக்குப் பேஸ்புக் படம். ஆசிரியருக்கு உறை. வயிற்றுக்கு மீஹூன். வாசகன் கிடைக்காத புத்தகம் மட்டும் பெட்டி பெட்டியாக ஆசிரியர் வீட்டுக் கட்டிலுக்கடியில் கரையானுக்குப் போகிறது. கரையானாவது பக்கம் பக்கமாகப் போகும்.

பக்கத்துச் சிங்கப்பூரில் 1988இல் அங் மோ கியோ நூலகத்தில் ஒரு வாசகர் வட்டம் தொடங்கினார்கள். கூடினார்கள், புத்தகம் பேசினார்கள், தலைமுறை தாண்டியும் வட்டம் நிற்கிறது. அதற்கு வேண்டியது பேச ஒரு புத்தகமும் அதைப் படித்த நாலு பேரும். நம்மிடம் குத்துவிளக்கு இருக்கிறது.

சரி, டத்தோ வரட்டும், பொன்னாடையும் இருக்கட்டும். வாசலில் அந்த மாணவனை உட்கார வையுங்கள். உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும், தலைவர், ஆய்வாளர், டத்தோ யாரானாலும், ஒரே கேள்வியைக் கேட்கட்டும்: “கதையில செத்தது யாரு?” சொன்னவர் உள்ளே. சொல்லாதவர் மீஹூன் வரும்வரை வெளியே. மேடை காலியாகிவிடும் என்று பயமா? ஆகட்டும். படித்தவன் பேச இடம் கிடைக்கும்.